காலரில் மாட்டிய மூக்கு

சண்முகப்பிரியா எங்கள் ஊர்ப் பெண் என்பதால்தான் நான் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன். வேறு எவளாவது சென்னையிலிருந்து வந்து, தூசு கெடுதல், முகத்தை மூடிக்கொள் என்று எனக்குப் பாடம் எடுத்திருந்தால், போடி உன் வேலையைப் பார்த்துக்கொண்டு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பேன். எனக்கு வாய் நீளம். கம்மாபுரம் பக்கம் செங்கமலம் என்றாலே ஊரில் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

நானும் என் வீட்டுக்காரர் தனகோடியும் நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டியிருக்கிற ஒரு தனியார் யார்டில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறோம். லாரியில் வந்து கொட்டுகிற பழுப்பு நிலக்கரியை அரைத்து, சலித்து, பெல்ட்டில் ஏற்றி, மறுபடியும் லாரிக்கு அனுப்புகிற இடம். நான் மேலே லாரி நிற்கிற தளத்தைப் பெருக்குகிறேன். அவர் பெல்ட்டுக்கு அடியில் இருக்கிற பள்ளத்தில் இறங்கி, மேலிருந்து சிந்துகிற கரியை மண்வெட்டியால் வாரிப் போடுகிறார். பள்ளம் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். மூன்று பக்கமும் சுவர். காற்று உள்ளே வராது, தூசு வெளியே போகாது. ஷிப்டு முடிந்து ஏறி வந்தால் கண்ணில் வெள்ளை மட்டும்தான் தெரியும். அது என் புருஷன்தானா என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வரும்.

போன மழைக்காலத்திலிருந்து அவருக்கு இருமல். முதலில் சளி என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். பிறகு வீட்டுப் படி ஏறவே மூச்சு வாங்க ஆரம்பித்தது. பண்ருட்டி டாக்டர் ஒருவர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆளைத் தூசு வேலையிலிருந்து உடனே வெளியே எடுங்கள், இல்லாவிட்டால் பிறகு என்னிடம் வந்து அழுது பிரயோஜனம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். யார்டு மேனேஜர் ஜெயப்பிரகாஷிடம் போய் நின்றேன். என் வீட்டுக்காரரை மேலே பெருக்கப் போடுங்கள், பள்ளத்தில் நான் இறங்குகிறேன் என்று கேட்டேன். பீடி குடிக்கிறவனுக்கு இருமல் வரத்தான் செய்யும் என்றார் மேனேஜர். என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து பீடியைத் தொட்டதில்லை. பள்ளம் பிடிக்கவில்லை என்றால் வீட்டிலேயே இருக்கச் சொல் என்று அதற்கு மேல் ஒரு பேச்சு. வீட்டில் இருந்தால் உலை எப்படி வைப்பது?

இப்படி நான் எரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் யார்டுக்கு மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. வேலை செய்கிற இடத்தில் உடம்புக்கு என்னென்ன கெடுதல் இருக்கிறது என்று ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும், தூசை முறைப்படி அளந்து காட்ட வேண்டும் என்று. சென்னையில் ஒரு பயிற்சிக் கம்பெனியைப் பிடித்தார்கள். அவர்கள் அனுப்பிய ஆள் யாரென்று பார்த்தால், என் வீட்டுக்காரருக்கு அண்ணன் முறையாகிற பங்காளி சிங்காரவேலின் மகள் சண்முகப்பிரியா.

சிங்காரவேல் மாமா, நிலம் சுரங்கத்துக்குப் போன பிறகு, செங்கல் சூளையிலும் கரி யார்டிலும் மாறி மாறி வேலை செய்து, கடைசியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். அப்போது இவள் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு எங்கெங்கோ உதவி வாங்கி, தொழிற்சாலைப் பாதுகாப்பு, சுகாதாரம் என்று என்னமோ படித்து, ஆளாகிவிட்டாள். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா போன மாதிரி இன்னொருத்தர் போகக் கூடாது சித்தி, அதுக்காகத்தான் இதைப் படிச்சேன் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வயிற்றில் பால் வார்த்தாயடி மகளே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வகுப்பு டவுன்ஷிப்பில் ஒரு பிளாக்கின் கல்யாண ஹாலில் நடந்தது. டீயும் பன்னும் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தரும் தூங்கவில்லை. அவள் அப்படிப் பேசினாள். ஜன்னலையெல்லாம் சாத்தி, விளக்கை அணைத்து, ஒரு டார்ச்சை மட்டும் அடித்துக் காட்டினாள். சுத்தமாகப் பெருக்கித் துடைத்த ஹால்தான். அந்த வெளிச்சத்தில் தூசு கொதித்துக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரிகிற தூசு மூக்கோடு நின்றுவிடும், தெரியாததுதான் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், ஒரு முறை உட்கார்ந்தால் எழுந்து வராது என்றாள். முகத்தில் துண்டு கட்டுவது மனத்திருப்திக்குத்தான் என்றும் சொன்னாள். இத்தனை வருஷமாகத் துண்டு கட்டிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். நம் பெண் எப்படிப் பேசுகிறது பார்த்தாயா, சிங்காரவேல் அண்ணன் இருந்து பார்க்க வேண்டும் என்பார். அவளை இவர் அவள், இவள் என்றுகூடச் சொல்லமாட்டார், அவ்வளவு மரியாதை. எங்களுக்குப் பெண் குழந்தை இல்லை. அந்தக் குறை அவருக்கு எப்போதும் உண்டு.

எனக்கு வேண்டியது பேச்சு இல்லை. அளந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். வகுப்பிலேயே எழுந்து கேட்டேன். தூசுக்கு ஒரு வரம்பு இருக்கிறது, அதைத் தாண்டினால் யார்டுக்காரர்கள் பெல்ட்டின் வாயை மூட வேண்டும், தண்ணீர் தெளிக்க ஏற்பாடு பண்ண வேண்டும், நெஞ்சு கெட்ட ஆளை அதே சம்பளத்தில் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும் என்றாள். மேனேஜர் மாற்றாவிட்டால்? மாற்றித்தான் ஆக வேண்டும், ரிப்போர்ட் மேலே போகும் என்றாள். நான் மறுபடியும் கேட்டேன். அதற்கு அவள் சிரித்துக்கொண்டு சொன்னதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"நான் இருக்கேன் இல்ல சித்தி. அப்புறம் என்னா கவலை?"

தூசை அளக்கிற கருவியையும் வகுப்பில் காட்டினாள். இடுப்பு பெல்ட்டில் மாட்டுகிற ஒரு சின்னப் பம்ப். அதிலிருந்து ஒரு குழாய் முதுகு வழியாக ஏறி வந்து சட்டைக் காலரில் நிற்கும். குழாயின் நுனியில் ஒரு சிமிழ், அதற்குள் வெள்ளைத் தாள். இது உங்கள் பக்கத்தில் இன்னொரு மூக்கு, நீங்கள் இழுக்கிற காற்றை இதுவும் இழுக்கும், அந்தத் தாளில் படிகிற தூசை எடை போட்டால் உங்கள் நெஞ்சுக்குள் போனது எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்றாள். யார் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மேனேஜர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாரே, பயம் இருக்காதா? என் வீட்டுக்காரர் எழுந்தார். பள்ளத்து ஆள் நான்தான், நானே மாட்டிக்கொள்கிறேன் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கருவியின் விலை ரொம்ப அதிகம், பத்திரம் சித்தப்பா, கீழே இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் நாலு தரம் சொன்னாள்.

அளக்கிற நாளில் நாங்கள் எல்லோரும் மேனேஜர் மேல்தான் கண் வைத்திருந்தோம். அன்றைக்குக் காலையில் மட்டும் தண்ணீர் லாரி வந்து யார்டை நனைத்துவிடும், பெல்ட்டைப் பாதி வேகத்தில் ஓட்டுவார்கள், இவரைப் பள்ளத்திலிருந்து ஏற்றி டீ வாங்க அனுப்பிவிடுவார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். என்னோடு பெருக்குகிற வள்ளியம்மாள் கேட்டிலேயே நின்றுவிட்டாள், தண்ணீர் லாரி வந்தால் சத்தம் போட. ஒன்றும் வரவில்லை. பெல்ட் எப்போதும் போல ஓடியது. தூசு எப்போதும் போலப் பறந்தது. இவர் ஷிப்டு முழுக்கப் பள்ளத்தை விட்டு ஏறவில்லை. சாப்பாட்டைக்கூட அங்கேயே வைத்துத் தின்றார். நல்ல வேளை, இன்றைக்கு ஒரு தில்லுமுல்லும் இல்லை என்று நான் மேலே நின்று சாமி கும்பிட்டேன். சாயங்காலம் சண்முகப்பிரியா பம்பைக் கழற்றி ஒரு பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

முடிவை அதே ஹாலில், பயிற்சி முடிந்ததற்குச் சான்றிதழ் கொடுக்கிற நாளில் படித்தார்கள். மேடையில் மேனேஜர், பயிற்சிக் கம்பெனியின் பெரிய அதிகாரி சுதாகர், பக்கத்தில் சண்முகப்பிரியா. பட்டுப்புடவை கட்டியிருந்தாள். மைக்கைப் பிடித்து, பள்ளத்தில் தூசு வரம்புக்கு ரொம்பக் கீழேதான் இருக்கிறது, பாதுகாப்பான இடம் என்று படித்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. மேனேஜர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. இனிமேல் தூசு, இருமல் என்று யாரும் ஆபீஸ் வாசலில் வந்து நிற்கக் கூடாது, அறிவியல்படி அளந்தாகிவிட்டது என்றார்.

பள்ளத்தில் தூசு இல்லையா? அப்படியென்றால் என் புருஷன் துப்புகிற கருப்பு என்ன, கண் மையா?

டீக்கு விட்டார்கள். நான் இவரை ஹாலுக்கு வெளியே வேப்பமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். பம்ப் நின்றுவிட்டதா, எங்கேயாவது கழற்றி வைத்தீர்களா என்று கேட்டேன். சீச்சீ, அதெல்லாம் இல்லை, கண்ணைப் போலப் பார்த்துக்கொண்டேன் என்றார். அப்புறம் தானாகவே சொன்னார்.

"கரி பூந்துடக் கூடாதுன்னு கவர்கூடப் போட்டு வச்சிருந்தேன்."

"என்னா கவரு?"

"கேரி பேக்குதான். அந்த மூக்கு மேல கவுத்து, நூலால லேசா கட்டிகினேன். எம்மாம் வெலை அது. தூசு பூந்து கெட்டுப் போச்சின்னா நாமளா குடுக்க முடியும்?"

எங்கள் யார்டில் கவர் போடாத பொருள் கிடையாது. போனுக்குக் கவர், சோற்று டப்பாவுக்குக் கவர், வண்டி சீட்டுக்குக் கவர், ஷெட்டில் மாட்டியிருக்கிற சாமி படத்துக்கும் கவர். கரித்தூசுக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடி மூடியே பழகிய ஜனம். அந்தப் பழக்கத்தில் தூசை இழுப்பதற்காகவே கொடுத்த மூக்கையும் இந்த மனுஷன் மூடியிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் இவர் மேல் முழுசாகக் கோபம் வரவில்லை. ஷிப்டின் நடுவில் வந்து பம்பைச் சரிபார்க்க வேண்டும் என்று வகுப்பில் அவளே சொல்லியிருந்தாள். அன்று மதியம் அவள் கையில் காற்றை அளக்கிற என்னமோ ஒரு கண்ணாடிக் குழாயோடு பள்ளத்தில் இறங்கியதை நான் மேலேயிருந்து பார்த்தேன். அப்போது அவள் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

"பாத்துச்சே. எடுத்துடட்டுமா கண்ணுன்னுகூடக் கேட்டேன். வேணாம் சித்தப்பா, அப்படியே இருக்கட்டும், பத்திரமா வச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போச்சி."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம். படித்த பெண் பாராட்டிவிட்டதாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவள் தெரிந்துதான் விட்டிருக்கிறாள், உங்களை மூடி வைத்து அளந்திருக்கிறாள், நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாள் என்று ஒவ்வொரு வார்த்தையாக அவர் மண்டையில் ஏற்றினேன். அவர் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. டீ கப்பைக் கீழே வைத்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் ஹாலுக்குள் போனேன்.

சான்றிதழ் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் மேடைக்குக் கீழே போய் நின்று, அந்த அளவு பொய் என்றேன். மைக் இல்லாமலே என் குரல் கடைசி வரிசைக்குக் கேட்டது. கருவி மேல் கேரி பேக் கட்டியிருந்தது, நீங்கள் அனுப்பிய பொண்ணு பார்த்துவிட்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள் என்றேன். மேனேஜர் என்னை உட்காரச் சொல்லி அதட்டினார். அந்த சுதாகர் சார் நல்ல மனுஷன், கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மூடியிருந்தது உண்மையென்றால் இந்த அளவு செல்லாது, நாளைக் காலையிலேயே மறுபடியும் அளந்துவிடலாம், அதில் ஒரு கஷ்டமும் இல்லை என்றார். எனக்கு உயிர் வந்தது. நாளைக்கே அளந்தால் நாளைக்கே தெரிந்துவிடும். இவரைப் பள்ளத்திலிருந்து ஏற்றிவிடலாம்.

சுதாகர் சார் அவளைப் பார்த்தார். சண்முகப்பிரியா எழுந்தாள். மைக்கைத் தொடாமல், நான் போய்ப் பார்த்தபோது திறந்துதான் இருந்தது சார் என்றாள். கண்ணில் ஒரு நடுக்கம் இல்லை. அடிப்பாவி! சிங்காரவேல் பெற்ற பிள்ளையா இது என்று நான் வாயடைத்து நின்றுவிட்டேன். என் வாயை அடைத்தவள் ஊரில் அவள் ஒருத்திதான்.

அதற்குள் இவர் உள்ளே வந்து கதவருகே நின்றிருந்தார். சுதாகர் சார் அவரை முன்னே கூப்பிட்டார். பயப்படாதீர்கள், உங்கள் மேல் எந்தத் தப்பும் வராது, நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார். வள்ளியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இவர் சுதாகர் சாரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணையே பார்த்தார். அவள் உதடு அசைந்தது. சித்தப்பா என்றுதான் சொல்லியிருப்பாள், எனக்குக் கேட்கவில்லை.

"தொறந்துதாங்க இருந்தது" என்றார் என் வீட்டுக்காரர். "எங்க வூட்டுக்காரம்மா தெரியாம பேசுது. மன்னிச்சிக்குங்க."

ஹாலே சிரித்தது. மேனேஜர்தான் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். சுதாகர் சார் கொஞ்ச நேரம் இவரையே பார்த்துவிட்டு, சரி என்று சொல்லி உட்கார்ந்தார். அடுத்த பேரைப் படித்தார்கள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வள்ளியம்மாள் வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

நாங்கள் சைக்கிளை எடுக்கும்போது சண்முகப்பிரியா பின்னாலேயே ஓடி வந்தாள். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரிப்போர்ட் வரம்பைத் தாண்டினால் இந்தப் பக்கத்து யார்டு ஒன்றும் எங்கள் கம்பெனியைக் கூப்பிடாது சித்தி, எனக்கு இன்னும் வேலை பர்மனென்ட் ஆகவில்லை, அம்மாவை நான்தான் பார்க்கிறேன் என்றாள். உன் அப்பன் எதில் செத்தான் என்று கேட்டேன். இனிமேல் சித்தி என்று கூப்பிட்டால் செருப்பு பிய்ந்துவிடும் என்று சொன்னேன். இவர் என்னை அடக்கி, நீ போ கண்ணு, வெயில்ல நிக்காத என்று அவளை அனுப்பி வைத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஏறி மிதிக்க இப்போதெல்லாம் முடிவதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரை நீ என்று சொன்னதில்லை. அன்றைக்கு வந்துவிட்டது.

"அவதான் வயித்துக்காகப் பொய் சொன்னா. நீ எதுக்குச் சொன்ன?"

கொஞ்ச தூரம் இருமிக்கொண்டே நடந்தார். பிறகு நின்று, மூச்சை வாங்கிக்கொண்டு சொன்னார்.

"நெசத்த சொன்னா அது வேலை போயிடும். இப்பத்தான் அந்தக் குடும்பம் தலை எடுக்குது. சொல்லாட்டி என் நெஞ்சுதானே கெடும். ஏற்கெனவே கெட்டதுதானே. அது என்னுதுதானே, போவட்டும்."

"உன்னுதா?" என்றேன். "ராத்திரி பூரா அத நீவிகினு உக்காந்திருக்கிறது யாரு? மேனேஜர்கிட்ட போயி பிச்ச கேட்டது யாரு? எடுத்துக் குடுக்கறதுக்கு முந்தி என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அவர் என்னைப் பார்த்தார். என்னைக் கேட்க வேண்டும் என்று ஒன்று இருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தோன்றியது போல இருந்தது. அதில் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அந்தப் பெண் செய்ததைக்கூட ஒரு நாள் நான் மறந்துவிடுவேன். அவள் யாரோ பெற்ற பிள்ளை. இந்த மனுஷன் முன்னூறு பேர் சிரிக்க என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு, தன்னையும் என்னிடமிருந்து எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் காலை ஷிப்டு. பெல்ட் ஓடத் தொடங்கியதும் அவர் மண்வெட்டியோடு பள்ளத்தில் இறங்கினார். எப்போதும் இறங்குவதற்கு முன்னால் திரும்பி என்னைப் பார்ப்பார், நானும் தலையை ஆட்டுவேன். அன்றைக்கும் பார்த்தார். நான் லாரிப் பக்கம் திரும்பிப் பெருக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் பள்ளத்துக்குள்ளிருந்து இருமல் கேட்டது. துடைப்பத்தை ஓங்கி ஓங்கிப் பெருக்கினேன், அந்தச் சத்தம் என் காதில் விழாதபடிக்கு.